மேல்காற்று என்று சொன்ன நாள்கள்

காலையில் நான் அனுப்பும் குரல்செய்தி எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும். முதலில் வெப்பம், அடுத்து ஈரப்பதம், அடுத்து மேகம், கடைசியில் காற்று. ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரில் நிறுத்தியிருந்த ஒரு படகில் உட்கார்ந்து அதைச் சொல்வேன். கேட்பவர்கள் அணைக்கு வடக்கே ஒரு பயராபீஸில் வேலை பார்த்த பெண்கள். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். அவர்களில் ஒருத்தி என் மனைவியின் தங்கை. அவள் கேட்டதால்தான் இது தொடங்கியது.

அவர்களுக்கு வெயில் வேண்டும். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, அடைக்கும் வெடிமருந்தைத் தட்டுகளில் பரப்பித் திறந்த களத்தில் காய வைப்பார்கள். காய்ந்துகொண்டிருக்கும்போது மழை வந்தால் இரண்டு கெடுதல். நனைந்த மருந்து தானாகவே சூடேறும். நனைவதற்குள் எடுத்துவிடலாம் என்று அவசரப்பட்டுத் தட்டை இழுத்தால் உரசும். சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அதனால் களத்தில் வேலை செய்பவர்களுக்கு அன்றைய வானம் எப்படி இருக்கும் என்பது அன்றைய சோறு எப்படி இருக்கும் என்பதற்கு முந்திய கேள்வி.

என் மனைவியும் இதே வேலைதான் செய்தாள், வேறொரு பயராபீஸில். தீபாவளிக்கு முந்திய மாதம், ஆர்டர் நெருக்கிய சமயத்தில், களத்தில் தீப்பிடித்து இறந்துபோனாள். நான் அப்போது ஓர் அச்சகத்தில் காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் அச்சகத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தென்கிழக்கு. அவள் வேலை பார்த்த திசை அது. உள்ளே போய், எண்ணிக்கொண்டிருந்த காகிதக் கட்டை எண்ணி முடித்துவிட்டு வெளியே வந்தேன். ஏன் முடித்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் முடித்தேன்.

அதன் பிறகு வேலையை விட்டேன். வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்தால் அதை மறுபடி எடுக்க வேண்டிய காரணம் எதுவும் தோன்றவில்லை. என் கூடப் படித்தவர் ஒருவர் அணையில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருந்தார். கரையில் குடிசை போட்டால் தண்ணீர் ஏற ஏறப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. எதிர்க்கரையிலிருந்து ஆள்கள் வலையோடு வந்து கட்லாவையும் கெண்டையையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் தூத்துக்குடிப் பக்கத்தில் உடைக்கப் போட்டிருந்த ஒரு தட்டையடிப் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தண்ணீரில் விட்டார். அதன் மேல் தகரக் கொட்டகை. படுக்கப் பலகை, ஒற்றை அடுப்பு, போனுக்குச் சூரியத் தகடு. காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். போனேன். தண்ணீர் பிடிக்கும், மீன் பிடிக்கும் என்றெல்லாம் இல்லை. கேட்டார், போனேன்.

அச்சகத்திலிருந்து ஒரு பொருளை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தேன். வெப்பத்தையும் காட்டும், வட்ட முகமுள்ள ஈரப்பதமானி. காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். ஒரு நிறம் அடித்து மறு நிறம் அடிப்பதற்குள் மயிரிழை விரிந்தாலும் காலண்டரில் சாமிக்கு உதடு விலகிப்போகும். அதனால் கிடங்கில் காலையும் மாலையும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பது என் வேலையாக இருந்தது. படகில் அதைக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினேன். பார்ப்பதும் எழுதுவதும் தொடர்ந்தது.

கார்த்திகை மழையில் அணை நிறைந்திருந்தபோது கொழுந்தியாள் ஒருநாள் போன் செய்தாள்.

"அத்தான், சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீக?"

"கஞ்சி."

"ம். அங்கன மேகம் எப்பிடி இருக்கு? இங்கன மச்சு வீடு மறைக்கி, ஒண்ணும் தெரிய மாட்டேங்கு."

சொன்னேன். மறுநாளும் கேட்டாள். நான் சாப்பிட்டேனா என்று தெரிந்துகொள்ளத்தான் மேகத்தைக் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் நான் சொன்னது நாலைந்து முறை சரியாக வந்ததும் அவளோடு களத்தில் நிற்கும் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி என்னையும் சேர்த்தாள். போன் கேட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. வாசல்காரரிடம் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் அவர்கள் வேனில் ஏறிக் கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் செய்தி போயாக வேண்டும். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் சாயங்காலம்தான் கேட்பார்கள்.

என் வரிசையை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை.

"ஏண்ணே, ஈரப்பதம் எளுபதுன்னா என்ன மார்க்கா? பாஸா பெயிலா?" என்றாள் ஒருத்தி.

"ரேடியோக்காரக மாதிரி இளுக்காதீக. மேல்காத்தா, கீள்காத்தா, அத மட்டும் சொல்லுங்க. வேன்ல ஒரே சத்தம்" என்றாள் இன்னொருத்தி.

களத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்த பெண்ணை எல்லாரும் களத்தக்கா என்பார்கள். அவர் குரல் கரகரவென்று இருக்கும். "அவரு சொல்றபடி சொல்லட்டும்டி. கடைசி வார்த்தை நமக்குப் போதும். தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார்.

கடைசி வார்த்தை காற்று. மேல்காற்று என்றால் மேற்கே மலையைத் தாண்டி வரும் காய்ந்த காற்று, பரப்பலாம். கீழ்காற்று என்றால் கிழக்கிலிருந்து வரும் கடல் ஈரம், மதியத்துக்கு மேல் நம்ப முடியாது. அவர்கள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முன்னால் உள்ள மற்றவற்றைச் சகித்துக்கொண்டார்கள். நான் வரிசையை மாற்றவில்லை.

காற்றைப் பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. படகின் மூக்கில் மட்டும் கயிறு கட்டி, அதன் மறுமுனையில் தண்டவாளத் துண்டைக் கட்டித் தண்ணீருக்குள் போட்டிருந்தது. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் படகு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். மேற்கே மலைத்தொடர், கிழக்கே மின்கோபுரம், வடக்கே போன் டவர், தெற்கே ஒற்றைப் பனை. எழுந்ததும் பலகையில் உட்கார்ந்தபடி கொட்டகையின் திறந்த முகப்பு வழியாக எதிரே என்ன தெரிகிறது என்று பார்ப்பேன். மலை தெரிந்தால் மேல்காற்று. கோபுரம் தெரிந்தால் கீழ்காற்று. வெளியே வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆள் திசையைத் தப்பாகச் சொல்லலாம், படகு சொல்லாது என்று கொழுந்தியாளிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். அவளுக்கு அது பிடித்துப்போய் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டாள்.

மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கியது. சித்திரையில் நன்றாகவே இறங்கியது. அந்த மாதம் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அதற்கு முன்பு படகு இரவெல்லாம் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். கயிறு கிறீச்சிடும். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் இல்லை, ஆட்டமும் இல்லை. படுத்தால் விடிந்துவிட்டது. குத்தகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான்பா மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றார். இருக்கலாம் என்று நினைத்தேன். காலையில் பலகையில் உட்கார்ந்தால் எதிரே மலை. மேல்காற்று என்று சொன்னேன். மறுநாளும் மலை. அதற்கு மறுநாளும் மலை. ஈரப்பதமானியின் முள் அந்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அதையும் உள்ளபடி சொன்னேன். மேல்காற்றில் ஈரப்பதம் ஏறாது. இரண்டையும் அடுத்தடுத்து என் வாயாலேயே சொன்னேன், என் கையாலேயே எழுதினேன். ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று எனக்குள் எதுவும் அசையவில்லை. காற்று என் முதுகில் பட்டிருக்கும். கொட்டகையின் பின்பக்கம் தகரம் அடித்திருந்தது. ஆனால் வெளியே வந்து துணி உலர்த்தியிருக்கிறேன், பாத்திரம் கழுவியிருக்கிறேன். பட்டதாக நினைவில்லை.

அன்றும் மலை தெரிந்தது. மேல்காற்று என்று அனுப்பினேன். குழுவில் இரண்டு கும்பிடும் கைகள் வந்தன. களத்தக்கா, "சரி தம்பி, இன்னிக்கு எல்லாத்தையும் பரப்பிருவோம். லோடு கேக்காக" என்றார். அதன் பின் போன்கள் பெட்டிக்குப் போயிருக்கும்.

மதியச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது இடி இடித்தது.

எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் ஆள்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. அடிவானத்தைப் பார்ப்பார்கள். புகை இல்லையென்று தெரிந்த பிறகுதான் அது இடி. நானும் கொட்டகையை விட்டு வெளியே வந்து வடக்கே பார்த்தேன். போன் டவர் தெரிந்தது. புகை இல்லை. அதன் பிறகு திரும்பினேன். கிழக்கே மின்கோபுரத்துக்குப் பின்னால் வானம் அடிவரை கறுத்து, கோபுரத்தின் பாதி மறைந்திருந்தது. மழை நடந்து வருவது தெரிந்தது. அது என்னைத் தாண்டி வடக்கே போகப்போகிறது என்றும் தெரிந்தது.

கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே செய்தேன். களத்தக்காவுக்குச் செய்தேன். அதுவும் அப்படியே. கம்பெனி நம்பர் என்னிடம் இல்லை. குழுவில், "கீழ்காற்று, மழை, எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தும் வாக்கியத்தை முழுதாகச் சொன்னேன். மழை வந்து தகரத்தில் விழுந்தது. வேறு சத்தம் எதுவும் வந்தாலும் கேட்காத அளவுக்கு விழுந்தது. மழை விட்டதும் மறுபடி வடக்கே பார்த்தேன். சோறு அதிகம் குழைந்திருந்தது. சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுபடி வடக்கே பார்த்தேன். பயம் என்று சொல்ல முடியாது. கிடங்கில் மிச்சக் காகிதத்தை எண்ணியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அத்தான், ஒங்க மேல்காத்து மளையாப் பெஞ்சிருச்சே!" சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும்?"

"எல்லாரும் நல்லா இருக்கோம். கொஞ்சம் நனைஞ்சிருச்சு, அவ்வளவுதான். அத உள்ள கொண்டு போகாம தனியா ஒதுக்கியாச்சு. ஒண்ணுமில்ல. சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவளும் களத்தக்காவும் இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஆட்டோவில் வந்தார்கள். கரையில் இறங்கிப் பரிசலுக்குக் கைகாட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி, சேற்றில் நடந்தே வந்தார்கள். தண்ணீர் அவர்களுக்குக் கணுக்காலைத் தாண்டவில்லை.

"பரிசல் வேணுமோன்னு பயந்துகிட்டே வந்தேன், தம்பி. எனக்குத் தண்ணின்னாலே ஆகாது. இங்கன என்னடான்னா ஆடு மேய்க்கலாம் போல இருக்கு" என்றார் களத்தக்கா. படகின் விளிம்பில் கையை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினார். "ஏத்தா, இதத் தொட்டுப் பாரு. எங்க வீட்டு ஆட்டுக்கல்லாட்டம் உக்காந்திருக்கு!"

கொழுந்தியாள் படகைத் தொடவில்லை. மூக்கில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். அது தொய்ந்து சேற்றில் கிடந்தது. பிறகு மூக்கு நீட்டிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தாள். மலை தெரிந்தது.

"அத்தான், இது எம்புட்டு நாளா இப்பிடி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மீன்காரர்தான் பதில் சொன்னார். "போன அமாசைக்கு முன்னாடியே தரை தட்டிருச்சே. அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான் கம்முனு இருக்கீகன்னு நெனச்சேன்."

"அப்ப நெதம் மேல்காத்துன்னு சொன்னீகளே?"

"படகு மேற்கே பார்த்துச்சு" என்றேன்.

களத்தக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏய்யா, நல்ல ஆளுய்யா நீரு! தரை தட்டுன படகு சொல்லி ஒரு பயராபீஸே காயப் போட்டிருக்கு!" பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "இவ ஒங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டா. அன்னிக்கு மண் வாசம் அடிச்சதே மொதல்ல இவளுக்குத்தான். நான் எடுங்கடின்னு கத்துறேன். இவ, 'பொறுங்கக்கா, அத்தான் மேல்காத்துன்னு சொல்லியிருக்காக, பெய்யாது'ன்னு தட்டுக்கு நடுவுல நின்னுகிட்டு இருக்கா. தூத்தல் விளுந்த பெறகுதான் கையே நீண்டுச்சு. பாதித் தட்ட ஓட்டமா எடுத்தோம். அந்த ஓட்டம் ஓடக்கூடாது தம்பி. ஒங்களுக்குத் தெரியாததா."

"சும்மா இருங்கக்கா" என்றாள் கொழுந்தியாள்.

கோயிலிலிருந்து கொண்டு வந்திருந்த பொங்கலை மூவரும் படகில் உட்கார்ந்து சாப்பிட்டோம். களத்தக்கா ஈரப்பதமானியைத் தட்டிப் பார்த்து, இதுதான் மார்க்குப் போடுகிற சாமானா என்று கேட்டார். முள் எங்கே போனால் மழை என்று சொல்லிக்கொடுத்தேன். மழை பெய்த அன்று காலை எங்கே இருந்தது என்றார். சொன்னேன். "அப்ப இது சொல்லியிருக்கே" என்றார். ஆமாம் என்றேன்.

போகும்போது கொழுந்தியாள் சேற்றில் இறங்கி நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளையில இருந்து நீங்க அனுப்ப வேண்டாம் அத்தான்."

"சரி" என்றேன்.

அவர்கள் கரை ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடையில் என் மனைவியின் சாயல் கொஞ்சம் உண்டு. வலது காலைச் சற்று அழுத்தி வைப்பாள்.

அதன் பிறகு காலையில் முள்ளைப் பார்த்தேன், எழுதினேன், அனுப்பவில்லை. குழு அப்படியே இருந்தது. யாரோ ஒருத்தி பிள்ளையின் பிறந்தநாள் படம் போட்டாள், எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் பரப்பினார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மீன்காரர் எனக்காக ஒரு கழியை நட்டு, அதன் நுனியில் கிழிந்த வலையின் நைலான் நூலைக் கட்டிவிட்டுப் போனார். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கக் கொட்டகையை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது. வேன் சத்தம் இல்லை. எங்கோ நின்று பேசியிருக்கிறாள்.

"அத்தான், கேட்டுக்கு வெளிய நிக்கேன். இங்கன கெளக்க மேகம் தாட்டியா நிக்குது. காத்து ஒரு பக்கமா இல்ல, சுத்திச் சுத்தி அடிக்கி. எனக்குப் புடிபடல. அங்கன எப்பிடி இருக்கு?"

வெளியே வந்து நின்றேன். நூல் மேற்கே பறந்து, சற்று நேரம் தொங்கி, மறுபடி மேற்கே பறந்தது. முகத்தைக் கிழக்கே திருப்பினேன். கன்னத்தில் ஈரமாக ஒரு காற்று வந்து பட்டு நின்றது. அதை என்னவென்று சொல்வது என்று யோசித்ததில் நேரம் போய்விட்டது. "இங்கே கீழ்காற்று மாதிரி இருக்கிறது. உறுதியாகத் தெரியவில்லை" என்று அனுப்பினேன். வெப்பமும் ஈரப்பதமும் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

அது முதல் இரு பக்கமும் பேசிக்கொண்டோம். அவள் கேட்டுக்கு வெளியே நின்று என்ன தெரிகிறது என்று சொல்வாள், நான் சேற்றில் நின்று என்ன தெரிகிறது என்று சொல்வேன். பல நாள் இரண்டும் பொருந்தாது. பொருந்தாத நாள்களில் களத்தக்கா களத்தில் நின்று தாமாக ஒரு முடிவு செய்தார். தெரியவில்லை என்று நான் சொன்ன நாள்கள் பல. முன்பு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வைகாசி மத்தியில், தண்ணீர் அணையின் நடுவே ஒரு குட்டையாகச் சுருங்கியிருந்த சமயம், ஒரு காலை இருவருமே கீழ்காற்று என்றோம். அவள், "இன்னிக்குப் பரப்பித்தான் ஆகணும்னு போர்மேன் ஒத்தக் கால்ல நிக்காரு. ஆர்டர் போகணுமாம். பாப்போம்" என்று சொல்லி நிறுத்தினாள். பாப்போம் என்றால் என்ன என்று நான் கேட்பதற்குள் போன் அணைந்துவிட்டது.

நான் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. கழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வெயில் ஏறியது. மேகம் கிழக்கே அப்படியே நின்றது, கிட்ட வரவில்லை. வேலை நேரம் தொடங்கி வெகுநேரம் ஆனபின் போன் ஒலித்தது. அவள் பெயர். அந்த நேரத்தில் அவளிடமிருந்து எதுவும் வரக் கூடாது. வேலை நேரத்தில் வீட்டுக்கு வரும் போன் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் திரையைத் தொடவில்லை. முதலில் வடக்கே பார்த்தேன். புகை இல்லை.

தொட்டேன். குரல்செய்தி.

"அத்தான், பரப்ப மாட்டோம்னு களத்தக்கா சொல்லிட்டாக. நானும் சொல்லிட்டேன். போர்மேன் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாரு. அப்பன்னா வீட்டுக்குப் போங்கன்னாரு, வந்துட்டோம். இங்கன வெயிலு பொளக்கு. மளையக் காணோம். கூலி போச்சு, களத்தக்கா வேன்ல பூராவும் ஒங்களத்தான் வஞ்சுகிட்டு வந்தாக. நான் வீட்லதான் இருக்கேன். பருப்பு போட்டிருக்கேன்."

அவள் பேச்சு முடியும் இடத்தில் குக்கர் விசில் அடித்தது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்து போனதில் செய்தி பாதியில் நின்றது.

மறுபடி போட்டுக் கேட்டேன். விசில் வரும் வரை கேட்டேன். அதன் பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைச் சேற்றில் தொங்கவிட்டு, இன்னொரு முறை கேட்டேன்.